வாட்டில் வேலை செய்பவர்கள் தொற்றுக் கட்டுப்பாட்டு விதிகளை உண்மையில் கடைப்பிடிக்கிறார்களா?

உங்கள் கேள்வியை நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன். 2021 ஓகஸ்டில் அம்மாவோடு வாட்டில் நின்ற நாட்களில் ஒரு மிஸ் (தாதி) ஒரே கையுறையோடு மூன்று கட்டிலுக்குப் போனதைக் கண்டீர்கள், டொக்டர் ஒருவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கதைத்ததைக் கண்டீர்கள், ஆனால் வாசலில் உங்களுக்கு மட்டும் ஆயிரம் சட்டம் சொன்னார்கள். இவர்களுக்கு விதி தெரியாதா, தெரிந்தும் செய்யவில்லையா, அடுத்த பெருந்தொற்று வந்தால் இவர்களை நம்பலாமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: அம்மாவுக்குக் கண்புரை ஒப்பிரேசனுக்குத் திகதி வந்துவிட்டது, கூட்டிக்கொண்டு போகப் பயமாக இருக்கிறது. மற்றதெல்லாம் அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதினீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் பதில் சொல்கிறேன், ஆனால் சுற்றித்தான் வர வேண்டும்.

நான் தாதி. வடக்கில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து, பிற்பகுதி முழுவதையும் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் கழித்தவள். மற்றவர்கள் கை கழுவுகிறார்களா என்று ஒரு ஓரமாக நின்று பார்த்துக் குறித்துக்கொள்வது என் வேலையில் ஒரு பகுதி. சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படி ஒரு வேலை உண்டு, அதைச் செய்பவர்களுக்கு வாட்டில் அவ்வளவாக நண்பர்கள் இருக்க மாட்டார்கள். வைரஸ் ஆராய்ச்சி என் துறை இல்லை, அம்மாவின் கண்ணைப் பற்றி கண் டொக்டர் சொல்வதுதான் பேச்சு. கை, மாஸ்க், காற்று, குப்பை, குளோரின், இவை பற்றி என்னால் நம்பிக்கையோடு பேச முடியும்.

நேரடியான பதில்: இல்லை, முழுதாகக் கடைப்பிடிப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் மட்டும் இல்லை, எங்கேயும் இல்லை. 2010இல் உலகெங்கும் இருந்து வந்த 96 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் உண்மையில் செய்யப்பட்டது நடுத்தரமாக 40 வீதம்தான். தாதியர் 48, டொக்டர்மார் 32. (எங்கள் பக்கம் கொஞ்சம் கூட என்று சந்தோசப்படுவதற்கு ஒன்றும் இல்லை, பாதிக்கும் குறைவுதான்.) அந்த ஆய்வுகள் பெரும்பாலும் வசதியான நாடுகளில் செய்யப்பட்டவை. பிரசவ வாட்டுக்குள் போக முதல் குளோரின் கரைசலில் கை கழுவுங்கள் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் 1847இல் சொன்னார், தாய்மாரின் சாவு சட்டென்று குறைந்தது, அப்படியிருந்தும் அவரோடு வேலை செய்த பல டொக்டர்மார் அதை ஏற்கவில்லை. ஆக இது நேற்று வந்த நோய் இல்லை.

அந்த 96 ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு இலக்கம். நோயாளியைத் தொட முதல் கை சுத்தம் செய்தவர்கள் 21 வீதம், தொட்ட பிறகு செய்தவர்கள் 47 வீதம். தொட முதல் கழுவுவது நோயாளிக்காக, தொட்ட பிறகு கழுவுவது பெரும்பாலும் தனக்காக. யாரும் இருந்து கணக்குப் பார்த்துச் செய்வதில்லை, கை தானாக அப்படித்தான் போகிறது, தன்னில் ஏதோ ஒட்டிவிட்டது என்ற உணர்வு வந்தால்தான் குழாயைத் தேடுகிறது. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதில் இருக்கிறது. விதி எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆளை நகர்த்துவது விதி இல்லை, பயம். பயம் தன்னைக் காப்பாற்றச் சொல்லுமே தவிர அடுத்த கட்டிலில் இருப்பவரைக் காப்பாற்றச் சொல்லாது, அதோடு அது நீண்ட நாள் நிற்பதும் இல்லை. சிகாகோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கை சுத்தம் செய்வதை இயந்திரமே எண்ணிக்கொண்டிருந்தது. 2020 மார்ச் கடைசியில் அது 90 வீதத்தைத் தாண்டியது, ஓகஸ்டில் திரும்பவும் 50க்குக் கிட்ட வந்துவிட்டது, அதாவது கொவிட்டுக்கு முந்திய அளவுக்கு. இங்கேயும் அப்படித்தான். 2020 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் முதல் தொற்று உறுதியானபோது சனிடைசர் போத்தலை ஆளுக்கு ஆள் பறித்துக்கொண்டார்கள். அடுத்த வருடம், அம்மா இருந்த ஓகஸ்டில், கொவிட்டின் டெல்டா வகை உச்சத்தில் நின்றபோது நாடே ஊரடங்கில் கிடந்தது, ஆனால் வாட்டில் இருந்தவர்கள் களைத்துப் போயிருந்தார்கள், அந்த வருடத் தொடக்கத்திலேயே தடுப்பூசியும் போட்டிருந்தார்கள். பயம் இறங்க, கையும் இறங்கிவிட்டது.

இனி அந்தக் கையுறை. நீங்கள் கண்ட காட்சியை நான் எண்ண முடியாத தடவை கண்டிருக்கிறேன், இதுதான் என்னை மிகவும் கோபப்படுத்துகிற காட்சியும். கையுறை போட்டவருக்குத் தன் கை சுத்தம் என்ற நினைப்பு வந்துவிடும். உண்மையில் அந்தக் கையுறை முதல் கட்டிலில் எதைத் தொட்டதோ அதை மூன்றாம் கட்டிலுக்குக் கொண்டு போகிறது, வெறும் கையைவிட மோசமாக, ஏனென்றால் வெறும் கையென்றால் பிசுபிசுக்கும், கழுவ வேண்டும் போல இருக்கும். சட்டம் இதில் தெளிவானது, சந்தேகத்துக்கே இடமில்லை: ஒரு நோயாளிக்கு ஒரு சோடி, கழற்றியதும் கை சுத்தம், அடுத்தவருக்குத் தேவையென்றால் மட்டும் புதுச் சோடி. இரத்தம், சளி, மலசலம், புண் இவற்றைத் தொட நேர்ந்தால் கையுறை வேண்டும். பிரசர் பார்க்க, குளிசை கொடுக்க, கட்டிலைத் தள்ள வேண்டியதில்லை. தொற்றுக்காகத் தனியாக வைத்திருக்கும் நோயாளியென்றால் கதை வேறு, அங்கே உள்ளே போகும்போதே போட வேண்டும். கையுறைக்கு மேலே சனிடைசர் பூசிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறவர்களும் உண்டு. சாதாரண வாட்டில் அது கணக்கில் வராது.

ஆனால் அந்த மிஸ்ஸுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கை சுத்தம் செய்ய ஐந்து தருணங்கள் சொல்கிறது: நோயாளியைத் தொட முதல், ஊசி சேலைன் போன்ற சுத்தமான வேலைக்கு முதல், உடற்கழிவு பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பிறகு, நோயாளியைத் தொட்ட பிறகு, அவருடைய கட்டிலையோ அலுமாரியையோ தொட்ட பிறகு. சனிடைசர் என்றால் ஒரு தடவைக்கு 20 முதல் 30 செக்கன், சவர்க்காரமும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60. ஒரு முறைவேலையில் இப்படி நூறு தருணம் வருகிறது என்று வைத்தால், சனிடைசரால் மட்டும் முக்கால் மணித்தியாலத்துக்குக் கிட்ட. கைகழுவும் தொட்டி வாட்டின் அந்தத் தொங்கலில் இருந்தால், போய் வரும் நேரத்தோடு அது மூன்று மணித்தியாலத்தையும் தாண்டும். ஒரு வாட்டுக்கு இரவில் இரண்டு மிஸ் மட்டும் நிற்கும்போது அது நடக்காது. நடக்கவில்லை என்றால் அது அந்தப் பிள்ளையின் குணத்தில் உள்ள குறை இல்லை. அதனால்தான் கட்டிலுக்குக் கட்டில் சனிடைசர் போத்தல் மாட்டச் சொல்கிறோம். கை எட்டும் தூரத்தில் போத்தல் இருந்தால் பாவனை கூடுகிறது என்பது திரும்பத் திரும்பக் கண்ட விசயம். 80 வீத எத்தனோல், 1.45 வீத கிளிசரோல், 0.125 வீத ஐதரசன் பெரொக்சைட்டு, மிச்சம் காய்ச்சி ஆறிய தண்ணீர் என்று செய்முறையையே உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டிருக்கிறது, ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே கலக்கலாம். ஒரேயொரு எச்சரிக்கை, கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு கையில் இருந்தால் சனிடைசர் போதாது, சில வகை வயிற்றோட்டக் கிருமிகளுக்கும் போதாது, அங்கே சவர்க்காரம்தான்.

மாஸ்க் விசயத்தில் உங்கள் கோபம் நியாயமானது, அதேநேரம் அறிவியல் பக்கமும் கொஞ்சம் குழம்பித்தான் கிடந்தது. கொவிட் காற்றால் பரவாது என்று 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே அடித்துச் சொன்னது. பிறகு படிப்படியாக மாற்றிக்கொண்டது, காற்றின் வழியே பரவும் நோய்களுக்கான சொற்களையே 2024 ஏப்ரலில் திருத்தி எழுதியது. இன்றைக்கு இதில் சந்தேகம் இல்லை: நாம் மூச்சு விடும்போதும் கதைக்கும்போதும் வெளியேறும் நுண்ணிய துளிகள் மூடிய அறைக்குள் மிதந்து நிற்கும், மூன்றடி ஆறடிக் கணக்கெல்லாம் அவற்றுக்கு இல்லை. வாட்டில் வேலை செய்தவர்கள் ஒரு கிழமைக்கு ஒரு சுற்றறிக்கை, அடுத்த கிழமை அதை மாற்றி இன்னொன்று என்று வாசித்தார்கள். விதி அடிக்கடி மாறினால் சனம் விதியை மதிப்பதை விட்டுவிடும், டொக்டரும் சனம்தான். தாடையில் தொங்கும் மாஸ்க் யாருக்கும் பயனில்லை. மாஸ்க்கை இழுத்து இறக்கித்தான் ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் அதிகாரத்தில் உள்ளவர்கள் என்பது என் தனிப்பட்ட கவனிப்பு, ஆய்வு இல்லை.

என்95 மாஸ்க் என்றால் துளை சிறிதான சல்லடை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற நார்களில் மின்னேற்றம் இருக்கிறது, துகள்களை அது இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, அப்படித்தான் பிடிக்க மிகக் கடினமான 0.3 மைக்ரோன் அளவுத் துகளில்கூட 95 வீதமாவது நிற்கிறது. சவர்க்காரத்தில் கழுவினாலோ சனிடைசர் அடித்தாலோ அந்த மின்னேற்றம் போய்விடும், பார்க்க மாஸ்க் மாதிரித்தான் இருக்கும். தட்டுப்பாட்டுக் காலத்தில் இதைத் தெரியாமல் கழுவிக் காயப்போட்டவர்கள் இருந்தார்கள். அடுத்தது, முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி வைத்தவருக்கு அது ஒட்டாது. போட்டதும் இரண்டு கையாலும் பொத்தி மூச்சை விட்டுப் பார்த்து, ஓரத்தால் காற்று போகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். இதைச் செய்பவர்கள் குறைவு.

சாதாரண சத்திரசிகிச்சை மாஸ்க்கைவிட என்95 வாட்டில் உண்மையில் எவ்வளவு கூடக் காப்பாற்றுகிறது? இங்கேதான் தெளிவு குறைவு. ஆய்வுகூடத்தில் வித்தியாசம் பெரிது. ஆனால் கனடா, இசுரேல், பாகிஸ்தான், எகிப்து ஆகிய நாடுகளில் ஏறக்குறைய ஆயிரம் ஊழியர்களை வைத்துச் செய்து 2022இல் வெளியான பரிசோதனையில் இரண்டு குழுவுக்கும் இடையில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அதை வைத்து "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஏனென்றால் அந்தப் பரிசோதனையின் பிழை எல்லை அகலமானது, என்95 போட்டவர்களுக்குக் கொஞ்சம் நன்மை இருந்திருந்தாலும் அதற்குள் ஒளிந்துவிடும். அதோடு ஊழியர்கள் வீட்டிலும் கடையிலும் தொற்றை வாங்கிக்கொண்டும் வருகிறார்கள், அதை மாஸ்க்கின் கணக்கில் எழுத முடியாது. தொற்றுள்ளவரோடு மூடிய அறையில் நின்று வேலை செய்பவருக்கு நான் என்95தான் கொடுப்பேன்.

நீங்கள் கேட்காத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. தேத்தண்ணி அறை. கொவிட் காலத்தில் பல நாடுகளில் ஆஸ்பத்திரி ஊழியர்களின் தொற்றைத் துருவிப் பார்த்தபோது, நோயாளியிடமிருந்து வந்தது ஒரு பங்கு, சக ஊழியரிடமிருந்து வந்தது இன்னொரு பங்கு, அந்த இரண்டாவது பங்கு யாரும் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. யோசித்துப் பாருங்கள். தொற்று வாட்டுக்குள் போகும்போது தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு போகிறோம். அரை மணித்தியாலத்தில் வெளியே வந்து, சன்னல் இல்லாத சின்ன ஏ.சி. அறைக்குள் நாலைந்து பேராக இருந்து, மாஸ்க்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஒரே பார்சலைப் பிரித்து ஆளுக்கு ஒரு வாய் இடியப்பம் சாப்பிடுகிறோம். நோயாளியில் கிருமி இருக்கிறது என்று மனம் ஏற்கிறது. பக்கத்தில் இருக்கிற அக்காவில் இருக்கிறது என்று ஏற்க மாட்டேன் என்கிறது. எங்கள் ஊரில் சாப்பாட்டைப் பகிராமல் தனியாகச் சாப்பிடுபவரை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள், தடுமன் பிடித்தவர் விலகி இருந்தால் "என்ன கோபமோ" என்பார்கள். சுற்றறிக்கையால் இதை மாற்ற முடியாது. மேசையை மாமர நிழலுக்குத் தூக்கிப் போட்டால் மாறும், சில இடங்களில் அப்படித்தான் செய்தோம்.

மாமரம் என்றதும் காற்றுக்கு வருகிறேன், ஏனென்றால் யாழ்ப்பாணத்துக்கு உள்ள பெரிய வாய்ப்பு அது, கவனிக்காமல் விட்டதும் அதுதான். பெரு நாட்டின் லீமா நகரில் ஆஸ்பத்திரிகளின் காற்றோட்டத்தை அளந்து 2007இல் ஒரு ஆய்வு வந்தது. சன்னலும் கதவும் திறந்த அறைகளில் மணித்தியாலத்துக்கு நடுத்தரமாக 28 தடவை காற்று முழுதாக மாறியது. இயந்திரக் காற்றோட்டம் பூட்டிய நவீன அறைகளில் 12. அதிலும் 1950க்கு முந்திய, உயர்ந்த கூரையும் பெரிய சன்னலும் உள்ள பழைய கட்டிடங்கள்தான் முன்னுக்கு நின்றன. பழைய கால வாட்டுகள் இங்கேயும் இருக்கின்றன, உயரமான கூரை, இரண்டு பக்கமும் சன்னல், விறாந்தை. பழசென்று நாம் வெட்கப்படுகிற கட்டிடம் காசநோய்க்கும் கொவிட்டுக்கும் புதுக் கட்டிடத்தைவிட நல்லது. புதுசில் சன்னலைப் பூட்டிப் ஸ்பிளிட் ஏ.சி. போடுகிறோம். அந்த ஏ.சி. அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது, வெளிக் காற்றைக் கொண்டு வருவதில்லை. சீலிங் ஃபேனும் அப்படித்தான், கலக்கும், மாற்றாது. சன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஃபேனைப் போட்டால் பயன் உண்டு.

இதைச் சொன்னால் உடனே நுளம்பு என்பார்கள், அதில் உண்மை இருக்கிறது. வடகீழ்ப் பருவமழையோடு டெங்கும் வருகிற ஊர் இது. கார்த்திகை மார்கழியில் சன்னலைத் திறந்தால் சாரல், திறந்தால் நுளம்பு, பூட்டினால் தடுமன் காய்ச்சல் எல்லாருக்கும். சன்னலுக்கு நுளம்பு வலை அடித்தால் காற்று கொஞ்சம் குறையும், ஆனால் பூட்டிய சன்னலைவிட நூறு மடங்கு மேல். டெங்கு நோயாளிக்கு எப்படியும் நுளம்புவலை போட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். ஒரு நோய்க்கான விதி இன்னொரு நோய்க்கான விதியோடு முட்டும்போது வாட்டில் இருப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் செய்வார், வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அது விதி மீறலாகத் தெரியும்.

கொவிட் காலத்தில் தொலைக்காட்சியில் வந்த அந்த வெள்ளைப் பாதுகாப்பு உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆபத்து அதைப் போடும்போது இல்லை, கழற்றும்போது. ஒளிரும் களிம்பைப் பூசிவிட்டுக் கையுறையையும் கவுணையும் கழற்றச் சொல்லி 2015இல் அமெரிக்காவில் ஆஸ்பத்திரி ஊழியர்களைச் சோதித்தார்கள். 46 வீதமான தடவைகளில் களிம்பு தோலிலோ உடுப்பிலோ பட்டிருந்தது. இது தினமும் கையுறை போடுகிற ஆட்கள். எங்கள் வெயிலில், கண்ணாடியில் ஆவி படிந்து, மணிக்கணக்காகத் தண்ணீர் குடிக்காமல் நின்றவர் அந்த உடுப்பைக் கழற்றும் விதத்தை நினைத்துப் பாருங்கள், எப்படியாவது பிய்த்து எறிந்தால் போதும் என்றிருக்கும். முதலில் கையுறை, பிறகு கவுண், கை சுத்தம், பிறகு கண்ணாடி, அறைக்கு வெளியே வந்து கடைசியாக மாஸ்க், திரும்பவும் கை. இன்னொருவர் எதிரே நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கழற்றினால் தவறு குறைகிறது. அந்த இன்னொருவருக்குச் சம்பளம் கொடுக்க யாரும் தயாரில்லை என்பதுதான் சிக்கல்.

தெருவுக்கும் ஆளுக்கும் மருந்தடித்ததெல்லாம் வெறும் காட்சி. அதில் பயனில்லை, ஆளுக்கு அடிப்பது கெடுதல் என்று 2020 மே மாதமே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. கொவிட் பரவிய மேற்பரப்பைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2021இல் கணித்தது. அதற்காக வாட்டில் துடைப்பதை விட்டுவிட முடியாது, அங்கே கொவிட்டைவிட மேற்பரப்பில் நன்றாக வாழ்கிற வேறு கிருமிகள் உண்டு.

துடைப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். சுத்திகரிப்பு ஊழியர், சலவைக்காரர், குப்பை எடுப்பவர், இவர்களுக்குத்தான் பயிற்சி கடைசியாக வரும், நல்ல மாஸ்க்கும் கடைசியாக வரும். 5 வீதக் குளோரின் கரைசலில் 20 மில்லிலீற்றர் எடுத்து ஒரு லீற்றராக்கினால் 0.1 வீதம், தரைக்கும் மேசைக்கும் அது போதும். இரத்தம் சிந்திய இடத்துக்கு அதைவிட ஐந்து மடங்கு, 0.5 வீதம். வெயில் பட்டால் வலு போய்விடும், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், கழிப்பறை கழுவும் அசிட்டோடு கலந்தால் நச்சு வாயு வரும். இதை அளவுக் கோப்பையோடு, தமிழில், கையில் பிடித்துக் காட்டி யாராவது சொல்லிக் கொடுத்தால் ஒருநாளில் படிப்பார்கள். நான் கண்ட பல இடங்களில் நடந்தது, ஆங்கிலத்தில் ஒரு சுவரொட்டி, மணம் வந்தால் சரி என்று கண்ணளவில் ஒரு ஊற்றல். நாட்கூலியில் வேலை செய்பவர் காய்ச்சலோடும் வருவார், வராவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. அவரிடம் போய் "காய்ச்சல் என்றால் வீட்டில் நில்" என்ற விதியைப் படித்துக் காட்டுவதில் எனக்கு வெட்கம்.

இந்த வேலையில் ஆபத்து எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். 2003இல் சார்ஸ் என்ற சுவாச நோய் வந்தபோது உலகில் நோய் கண்டவர்களில் ஐந்தில் ஒருவர் சுகாதார ஊழியர். ரொறன்ரோவில் முடிந்துவிட்டது என்று கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் ஆஸ்பத்திரிக்குள்ளிருந்தே இரண்டாவது அலை கிளம்பியது. கொவிட்டில் 2020 ஜனவரியிலிருந்து 2021 மே வரை மட்டும் உலகில் 80,000க்கும் 180,000க்கும் இடையில் சுகாதார ஊழியர்கள் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மதிப்பீடுதான், எல்லையே எவ்வளவு அகலம் என்று பாருங்கள். இறந்தவர்களை ஒழுங்காக எண்ணிய நாடுகள் குறைவு.

ஆக, அடுத்ததற்கு நம்பலாமா? மனிதரின் ஞாபகத்தை நம்பாதீர்கள், பயம் ஆறு மாதத்தில் வடிந்துவிடும் என்று மேலே சொன்னேன். எது கட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் சனிடைசர் போத்தல் இருக்கிறதா, அதற்குள் திரவம் இருக்கிறதா (போத்தல் மட்டும் தொங்கும் இடங்களும் உண்டு), தொட்டிக்குப் பக்கத்தில் சவர்க்காரம் இருக்கிறதா, இருமுகிறவரை வாசலிலேயே தனியாக இருத்துகிறார்களா, ஒரு கனிஷ்ட தாதி பெரிய டொக்டரைப் பார்த்து "சேர், மாஸ்க்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாளும் நிம்மதியாக வேலைக்கு வர முடிகிறதா. கடைசியில் உள்ளதை வெளியே இருந்து பார்ப்பது கடினம், ஆனால் எனக்குத் தெரிந்த வரையில் நல்ல வாட்டையும் மோசமான வாட்டையும் பிரிப்பது பெரும்பாலும் அதுதான். அடுத்து வருவது கொவிட் மாதிரியே இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிப்பா வைரஸ் வந்தபோது பெரும்பாலானவர்களுக்கு ஆஸ்பத்திரிகளுக்குள்ளேதான் தொற்றியது, நோய் இன்னதென்று தெரிய முதலே. பெயர் தெரியாத நோய்க்குத் தனி விதி எழுதி வைக்க முடியாது, எல்லா நோயாளிக்கும் எல்லா நாளும் செய்கிற கை சுத்தமும் இருமுகிறவருக்கு ஒரு மாஸ்க்கும்தான் அப்போது கையில் இருக்கும்.

நீங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஒரு சனிடைசர் போத்தலைக் கொண்டு போய் அம்மாவின் அலுமாரிக்கு மேலே கண்ணில் படும்படி வையுங்கள். யாராவது தொட வந்தால் "மிஸ், இதில கொஞ்சம் போட்டிட்டு அம்மாவைப் பாருங்கோவன், அவவுக்குச் சரியான பயம்" என்று சொல்லுங்கள். பழியை அம்மாவின் பயத்தில் போட்டால் ஒருவருக்கும் முகம் சுருங்காது, நானே பலருக்குச் சொல்லிக் கொடுத்த தந்திரம் இது. திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால் வாட்டுப் பொறுப்புச் சிஸ்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், பெரிய ஆஸ்பத்திரிகளில் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவும் இருக்கும், அங்கே போய்க் கேட்கலாம். படம் எடுத்து முகநூலில் போடுவதால் அந்த மிஸ்ஸுக்கு இடமாற்றம் வருமே தவிர அந்த வாட்டுக்குப் போத்தல் வராது. அதோடு, மனம் கோணாமல் கேளுங்கள், பார்க்க வருகிற சனம் செய்வதும் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆறு பேராக வந்து, கட்டிலில் ஏறி இருந்து, பக்கத்துக் கட்டில் ஆச்சிக்கும் ஒருக்கால் தலையைத் தடவி, சேலைன் குழாயைத் தூக்கிப் பார்த்து, காய்ச்சல்காரப் பிள்ளையையும் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போவார்கள். வாசலில் சட்டம் சொன்னதற்கு அதுதான் காரணம், சொன்ன விதம் சரியில்லாமல் இருந்திருக்கலாம்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்புரைக்குப் பெரும்பாலும் ஒரே நாளில் செய்து வீட்டுக்கு விட்டுவிடுவார்கள், வாட்டில் கிடக்கும் நேரம் குறைவு, கண்ணுக்குள் தொற்று வருவது அரிது, வெட்ட முதல் அயடின் கரைசல் விட்டுக் கண்ணைச் சுத்தம் செய்வது அதை இன்னும் குறைக்கிறது. பார்வை மங்கிய வயதானவர் இரவில் கிணற்றடிக்குப் போய் விழுந்து இடுப்பை உடைப்பதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். அன்றைக்குத் தடுமனோ இருமலோ கண்சிவப்போ காய்ச்சலோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், திகதியை மாற்றுவார்கள், அது நல்லதுக்குத்தான். காத்திருக்கும் இடத்தில் அவவுக்கு ஒரு மாஸ்க், முடிந்தால் சன்னல் பக்கமாக இருத்துங்கள். ஒப்பிரேசனுக்குப் பிறகு நாலைந்து கிழமைக்கு கண்ணுக்கு மருந்துத் துளி விடப்போவது நீங்கள்தான், ஆஸ்பத்திரி இல்லை. ஒவ்வொரு தடவையும் சவர்க்காரம் போட்டு வடிவாகக் கை கழுவிவிட்டு விடுங்கள், போத்தலின் நுனி இமையில் படக்கூடாது, அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண் சிவந்து, நோ கூடி, பார்வை குறைந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை வைத்திருக்காமல் அன்றைக்கே கொண்டு போய்க் காட்டுங்கள்.